ஐசாவும் இன்டெக்ஸ் பண்டும்: பெட்டி வேறு, மீன் வேறு

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பள்ளிக்கூட விடுமுறை. திருகோணமலையில் உப்புவெளி, உவர்மலை, அலஸ்தோட்டம் பக்கம் வீடுகள் நிறைந்துவிடும். கோணேசரைக் கும்பிட்டு, கடலில் குளித்து, நல்ல மீன் சாப்பிட்டு முடிந்ததும் பேச்சு காசுக்கு வரும். "ஐசாவில் போட்டால் வரியே இல்லை" என்பார் லண்டன் சித்தப்பா. "எதற்கு ஐசா, இன்டெக்ஸ் பண்டில் போட்டால் போதும்" என்பார் கனடா மாமா. அடுத்த ஜனவரியில் மாணவர் விசாவில் இங்கிலாந்து போகவிருக்கும் தம்பி இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

சித்தப்பாவும் பொய் சொல்லவில்லை, மாமாவும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் பாதி வசனம்தான் சொல்கிறார்கள். இந்தப் பாதி வசனங்களை நம்பி அபராதம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கைத் திறந்துவிட்டு, அதற்குள் ஒன்றும் வாங்காமல் காசைச் சும்மா கிடக்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அடியிலிருந்து தொடங்குவோம்.

பெட்டியும் மீனும்

திருமலை மீன் கொழும்புக்குப் போவது ஐஸ்பெட்டியில். பெட்டி மீனைப் பழுதாகாமல் காக்கும், ஆனால் பெட்டி மீன் அல்ல. அதற்குள் பாரை வைக்கலாம், அறக்குளா வைக்கலாம், சாளையும் வைக்கலாம். ஒன்றும் வைக்காமல் வெறும் பெட்டியாகவும் வைத்திருக்கலாம்.

வரிச்சலுகைக் கணக்கு என்பது அந்தப் பெட்டி. "இந்தக் கணக்குக்குள் உன் காசு வளர்ந்தால் நான் வரி எடுக்கமாட்டேன், அல்லது இப்போது எடுக்காமல் நீ ஓய்வுபெற்றபின் எடுப்பேன்" என்று ஓர் அரசு தன் நாட்டில் வாழ்கிறவருக்குக் கொடுக்கிற வாக்குத்தான் அது. பிரித்தானியாவில் ஐசா எனப்படும் தனிநபர் சேமிப்புக் கணக்கு, கனடாவில் ரி.எஃப்.எஸ்.ஏ. எனப்படும் வரியற்ற சேமிப்புக் கணக்கும் ஆர்.ஆர்.எஸ்.பி. எனப்படும் ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டமும், அவுஸ்திரேலியாவில் சூப்பர் எனப்படும் ஓய்வுகால நிதி. எல்லாம் பெட்டிகள்.

இன்டெக்ஸ் பண்ட் என்பது பெட்டிக்குள் வைக்கிற மீன்களில், அதாவது முதலீடுகளில், ஒரு வகை. ஆகவே "ஐசா நல்லதா, இன்டெக்ஸ் பண்ட் நல்லதா" என்ற கேள்வியே பொருந்தாது. ஐசாவுக்குள் இன்டெக்ஸ் பண்ட் வைக்கலாம், வெறும் சேமிப்பாகவும் வைக்கலாம். அதேபோல் இன்டெக்ஸ் பண்டை ஐசாவுக்கு வெளியே சாதாரணக் கணக்கிலும் வாங்கலாம். அப்போது வரிக் காப்பு இருக்காது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இந்தக் குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நமக்குப் பழக்கமான ஓய்வுகாலச் சேமிப்பு ஊழியர் சேமலாப நிதியம். சம்பளத்தில் நம் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம் அங்கே போகிறது. அதை எதில் முதலிடுவது என்பதை மத்திய வங்கி பார்த்துக்கொள்கிறது, நம்மிடம் யாரும் கேட்பதில்லை. பெட்டியும் மீனும் சேர்ந்தே வருவதால் இரண்டும் வேறு என்று யோசிக்க நமக்குத் தேவையே வரவில்லை. வெளிநாட்டில் பெட்டியை அரசு தரும், மீனை நீங்கள்தான் தெரிவுசெய்ய வேண்டும். பங்குகளுக்கான ஐசாவைத் திறந்து வங்கியிலிருந்து காசை மாற்றியவர் இன்னும் எதையும் வாங்கவில்லை. உள்ளே போய், ஒரு பண்டைத் தெரிவுசெய்து, வாங்கு என்று அழுத்தினால்தான் அந்தக் காசு முதலீடாகும்.

இன்டெக்ஸ் பண்ட் என்ன செய்கிறது

சுட்டெண் என்பது ஒரு பட்டியல். கொழும்புப் பங்குச்சந்தையில் பதிந்த கம்பனிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண். அவற்றில் பெரிய 20 கம்பனிகளை மட்டும் எடுத்தால் எஸ் அன்ட் பி எஸ்.எல். 20. இரவுச் செய்தியில் சுட்டெண் இத்தனை புள்ளி ஏறியது, இறங்கியது என்று சொல்வது இவற்றைத்தான்.

இன்டெக்ஸ் பண்ட், அதாவது சுட்டெண் நிதியம், அப்படியொரு பட்டியலை வைத்துக்கொண்டு அதில் உள்ளதை உள்ளபடியே வாங்குகிற கூட்டு நிதி. எந்தக் கம்பனி முன்னேறும், எது விழும் என்று ஊகிக்கிற வேலை அதற்கு இல்லை.

எவ்வளவு வாங்கும்? ஒரு சின்னச் சந்தையை வைத்துப் பார்ப்போம். அங்கே மூன்றே கம்பனிகள். முதலாவதின் பங்குகளின் மொத்தப் பெறுமதி 60 கோடி, இரண்டாவது 30 கோடி, மூன்றாவது 10 கோடி. நீங்கள் 100 ரூபாய் போட்டால் பண்ட் அதை 60, 30, 10 என்று பிரித்து வாங்கும். அடுத்த ஆண்டு மூன்றாவது கம்பனி வளர்ந்து 40 கோடி ஆகிவிட்டது என்றால், உங்களிடம் இருக்கிற அதன் பங்கும் 10 ரூபாயிலிருந்து 40 ரூபாயாகிவிடும். யாரும் எதையும் விற்று வாங்கத் தேவையில்லை. ஒரு கம்பனி நொடிந்தால் அதன் இடம் தானாகச் சுருங்கும். இவ்வளவுதான் அடிப்படை.

வேலை குறைவு, ஆகவே கூலியும் குறைவு. இந்த எண்ணத்தைச் சாதாரண மக்களுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஜோன் போகிள். 1976இல் அவருடைய வான்கார்ட் நிறுவனம் முதலாவது பண்டை வெளியிட்டபோது 15 கோடி டொலர் சேரும் என்று எதிர்பார்த்தார்கள், சேர்ந்தது சுமார் 1.13 கோடி. "போகிளின் மடத்தனம்" என்றுகூடச் சொன்னார்கள். இன்று உலகத்தின் மிகப்பெரிய பண்டுகள் பலவும் இந்த வகைதான்.

இந்தப் பண்டுகளைச் சந்தையில் ஒரு பங்கைப்போலவே வாங்கி விற்கிற வடிவமும் உண்டு. அதை ஈ.ரி.எஃப். என்பார்கள். இலங்கையில் ஈ.ரி.எஃப். என்றால் முதலாளி 3 சதவீதம் செலுத்துகிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது நிலையான வைப்பு அல்ல. அமெரிக்காவின் பெரிய 500 கம்பனிகளைக் கொண்ட எஸ் அன்ட் பி 500 சுட்டெண் 2008இல் மட்டும், பங்கிலாபத்தையும் (கம்பனி தன் இலாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கிற காசையும்) சேர்த்துப் பார்த்தாலும், 37 சதவீதம் விழுந்தது. ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படுகிற காசை, அதாவது தங்கையின் கல்யாணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ வைத்திருக்கிற காசை, இதற்குள் போடக்கூடாது. அவசரத்துக்கு எடுக்கப் போகும் நாளில் அது பாதியாக இருக்கலாம்.

இதுவரை சொன்னது: கணக்கு வரியிலிருந்து காக்கிற பெட்டி. பண்ட் உள்ளே வளர்கிற பொருள். இன்டெக்ஸ் பண்ட் ஒரு பட்டியலை அப்படியே வாங்கி வைத்திருப்பது. ஏறும், இறங்கும், செலவு குறைவு.

வரி மூன்று இடத்தில் கடிக்கும்

"வரியே இல்லை" என்ற பேச்சு பிழைக்கிற இடம் இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உங்கள் பண்டுக்குள் ஓர் அமெரிக்கக் கம்பனி இருக்கிறது. அது 100 டொலர் பங்கிலாபம் தருகிறது. அந்தக் காசு உங்களிடம் வந்து சேர மூன்று வாசல் தாண்ட வேண்டும். முதலாவது கம்பனி இருக்கிற நாடு. இரண்டாவது பண்ட் பதிவான நாடு. மூன்றாவது நீங்கள் வாழ்கிற நாடு.

முதலாவது வாசலில் காசு நாட்டைவிட்டு வெளியேறும்போதே பிடிக்கிற வரிக்கு நிறுத்திவைப்பு வரி என்று பெயர். அமெரிக்கா வெளியாருக்கு வழக்கமாக 30 சதவீதம் பிடிக்கும். நாடுகளுக்கிடையே வரி ஒப்பந்தம் இருந்தால் அது குறையும். அயர்லாந்துக்கு ஒப்பந்தம் இருப்பதால் அயர்லாந்தில் பதிவான பண்டுக்கு 15 சதவீதம்தான். அயர்லாந்து, தன் நாட்டில் வாழாத முதலீட்டாளரிடம் இரண்டாவது வாசலில் ஒன்றும் எடுப்பதில்லை. ஐரோப்பாவில் விற்கப்படும் பண்டுகளில் இத்தனை அயர்லாந்தில் பதிவாகியிருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஐசாவோ ரி.எஃப்.எஸ்.ஏ.யோ காப்பது மூன்றாவது வாசலில் மட்டும். லண்டன் சித்தப்பாவின் ஐசாவுக்குள் அயர்லாந்துப் பண்ட் இருந்தால், அந்த 100 டொலரில் 15 அமெரிக்காவில் போய்விடும், மிச்சம் 85இல் பிரித்தானியா கைவைக்காது. அது நல்ல சலுகைதான். ஐசாவுக்கு வெளியே என்றால் இப்போதைய விதிப்படி ஆண்டுக்கு 500 பவுணுக்கு மேற்பட்ட பங்கிலாபத்துக்கும், 3,000 பவுணுக்கு மேற்பட்ட விற்பனை இலாபத்துக்கும் வரி கேட்கும். ஆனால் "வரியே இல்லை" என்பது "பிரித்தானிய வரி இல்லை" என்பதன் சுருக்கம்தான்.

கனடாவில் பெட்டிக்குப் பெட்டி இது மாறும். ரி.எஃப்.எஸ்.ஏ.க்குள் அமெரிக்கப் பங்கிலாபம் வந்தால் 15 சதவீதம் போகும், திரும்பக் கிடைக்காது. ஆர்.ஆர்.எஸ்.பி.யை அமெரிக்கா ஓய்வுகாலக் கணக்காக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்குள் அமெரிக்கச் சந்தையில் பதிவான ஈ.ரி.எஃப். ஒன்றை நேரே வைத்திருந்தால் அந்த 15 சதவீதமும் பிடிபடாது. அதே மீன், வேறு பெட்டி, வேறு கணக்கு.

எந்தப் பெட்டி உங்களுக்கு உரியது

இதைத் தீர்மானிப்பது உங்கள் பாஸ்போட் அல்ல, வரி வதிவிடம். ஓர் ஆண்டில் எந்த நாடு உங்களைத் தன் வரிக்கு உட்பட்ட வாசியாகக் கணக்கெடுக்கிறது என்பதே அந்தச் சொல்லின் பொருள். பல நாடுகளில் 183 நாள் ஒரு முக்கிய அளவுகோல், ஆனால் வீடு, வேலை, குடும்பம் எங்கே என்பதையும் பார்ப்பார்கள்.

பிரித்தானியாவில் 18 வயது முடிந்து அங்கே வரி வதிவாளராக இருந்தால், மாணவர் விசாவில் போன தம்பியும் ஐசா திறக்கலாம். ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரையான வரி ஆண்டுக்கு உச்சவரம்பு 20,000 பவுண். வேலை கிடைத்தால் ஐசாவுக்கு முன் வேலைத்தல ஓய்வூதியத்தைப் பாருங்கள். அதற்குத் தகுதியானவருக்கு முதலாளி குறைந்தது 3 சதவீதம் போட வேண்டும். அதை வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது சம்பளத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதுதான்.

ஐசா ஒருவர் பெயரில்தான் இருக்கும், கூட்டுக் கணக்கு கிடையாது. "அண்ணா, என் காசையும் உங்கள் ஐசாவில் போட்டு வையுங்கள்" என்று ஊரிலிருந்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் சட்டப்படி அது அண்ணாவின் காசு. அவருக்கு ஒன்று நடந்தால் அது அவருடைய சொத்தோடு போகும். உறவை நம்பி இப்படிச் செய்வதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கனடாவின் ரி.எஃப்.எஸ்.ஏ. 2009இல் தொடங்கியது. 2025க்கான வரம்பு 7,000 டொலர். பயன்படுத்தாத வரம்பு ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வரும். 2009இலேயே 18 வயதாகி, தொடர்ந்து அங்கே வாழ்கிறவருக்கு 2025 வரை மொத்தம் 1,02,000 டொலர். இந்தத் தொகையை மாமா சொல்லக் கேட்டு, போன வருடம் போய் இறங்கிய மருமகன் தனக்கும் அவ்வளவு என்று நினைத்தால் பெரிய பிழை. வரம்பு சேரத் தொடங்குவது கனடா வதிவாளரான ஆண்டிலிருந்துதான். கூடுதலாகப் போட்டால் அது உள்ளே கிடக்கிற ஒவ்வொரு மாதத்துக்கும் கூடுதல் தொகையில் 1 சதவீதம் வரி. இன்னொரு பொறியும் இருக்கிறது. மார்ச்சில் எடுத்த காசை ஓகஸ்டில் திரும்பப் போடலாம் என்று நினைப்பார்கள். எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரி 1இல்தான் திரும்பக் கிடைக்கும். வேறு இடம் மிச்சமில்லாதவருக்கு இதிலும் அதே 1 சதவீதம்தான்.

அவுஸ்திரேலியாவில் முதலாளி சம்பளத்தின் மேல் 12 சதவீதத்தைச் சூப்பரில் போட வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இந்த அளவு. அநேகமான சூப்பர் நிதிகளில் முதலீட்டுத் தெரிவுகளின் பட்டியல் ஒன்று இருக்கும், அதில் இன்டெக்ஸ் வகையும் இருக்கும். ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

கட்டார், டுபாயில் இருப்பவர்களுக்கு

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகள் வளைகுடாச் சம்பளத்தில் நிற்கின்றன. கட்டாரிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. வரி இல்லாத இடத்தில் வரிச்சலுகைப் பெட்டியும் இல்லை, தேவையும் இல்லை. அதாவது மூன்றாவது வாசல் திறந்தே கிடக்கிறது.

ஆனால் முதலாவது வாசல் இவர்களைத்தான் கடுமையாகக் கடிக்கும். அமெரிக்காவோடு இந்த நாடுகளுக்கு வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்கச் சந்தையில் பதிவான ஈ.ரி.எஃப். ஒன்றை நேரே வாங்கினால் பங்கிலாபத்தில் 30 சதவீதம் போகும். அதே சுட்டெண்ணைப் பின்பற்றுகிற அயர்லாந்துப் பண்டில் 15. இதைவிடப் பெரியது இறப்பு வரி. அமெரிக்கக் குடியுரிமையும் அங்கே நிரந்தர வாழ்வும் இல்லாத ஒருவர், அமெரிக்காவில் உள்ளதாகக் கருதப்படும் சொத்தை 60,000 டொலருக்கு மேல் வைத்துக்கொண்டு இறந்தால், மேற்பட்ட தொகைக்கு 40 சதவீதம் வரை வரி வரலாம். அமெரிக்கப் பதிவு ஈ.ரி.எஃப். அந்தக் கணக்கில் சேரும், அயர்லாந்துப் பண்ட் சேராது. முகவர் எதை விற்கிறார் என்று கேட்கும்போது, எந்த நாட்டில் பதிவானது என்றும் கேளுங்கள்.

வட்டிசார்ந்த தொழில், மது போன்றவற்றைத் தவிர்க்க விரும்புகிறவர்களுக்கு ஷரீஆ முறைப்படி வடிகட்டிய சுட்டெண்களும் உண்டு. எம்.எஸ்.சி.ஐ. வேர்ல்ட் இஸ்லாமிக் அப்படியானது, அதைப் பின்பற்றும் பண்டுகளும் கிடைக்கின்றன.

குடும்பத்தில் யாரிடமாவது அமெரிக்கப் பாஸ்போட் அல்லது கிரீன் காட் இருந்தால் மேலே சொன்னதில் பல மாறிவிடும். அமெரிக்கா தன் குடிமக்களை உலகில் எங்கே வாழ்ந்தாலும் வரிக்குக் கணக்கெடுக்கிறது. அது ஐசாவையும் ரி.எஃப்.எஸ்.ஏ.யையும் சலுகைக் கணக்காகப் பார்ப்பதில்லை. அயர்லாந்துப் பண்ட் போன்ற வெளிநாட்டுப் பண்டுகளுக்கு அதன் விதிகள் மிகக் கடுமை. அவர்கள் எதையும் வாங்குமுன் அமெரிக்க வரி தெரிந்த ஒருவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இதுவரை சொன்னது: முதலில் வரி வதிவிடம், அதன்படி பெட்டி, பிறகுதான் பண்ட். பண்டை எடுக்கும்போது அது பதிவான நாட்டையும் பாருங்கள்.

எந்தப் பண்ட்?

சரி, பெட்டி தெரிந்துவிட்டது. என் அபிப்பிராயத்தில், தொடங்குகிறவருக்கு அகலமான ஒரு பண்ட் போதும். மூன்று சுட்டெண்களின் பெயர் அடிக்கடி காதில் விழும். எஸ் அன்ட் பி 500 அமெரிக்கா மட்டும். எம்.எஸ்.சி.ஐ. வேர்ல்ட் பெயரில் உலகம் இருந்தாலும் 23 வளர்ந்த நாடுகள்தான்; இந்தியா, சீனா அதில் இல்லை. எஃப்.ரி.எஸ்.ஈ. ஓல்-வேர்ல்டில் அவையும் உண்டு. கொழும்புப் பங்குகள் இந்த மூன்றிலுமே இல்லை.

எம்.எஸ்.சி.ஐ. வேர்ல்டில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு அமெரிக்கக் கம்பனிகள்தான். ஆகவே அதையும் எஸ் அன்ட் பி 500ஐயும் சேர்த்து வாங்கிவிட்டு "இரண்டாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன்" என்று ஆறுதல்படுவதில் பொருளில்லை. பெரும்பாலும் அதே கம்பனிகளை இரண்டு தரம் வாங்கியிருக்கிறீர்கள்.

அடுத்தது செலவு. பண்ட் தன் கூலியாக ஆண்டுதோறும் எடுக்கிற சதவீதத்துக்குச் செலவு விகிதம் என்று பெயர். 0.2 என்றும் 1.5 என்றும் பார்த்தால் இரண்டும் சின்ன எண்கள்தான். 10,000 பவுணை 25 ஆண்டு விடுகிறீர்கள், செலவுக்கு முன் ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஊகம்தான், யாரும் உத்தரவாதம் தரமுடியாது. 0.2 சதவீதச் செலவில் அது சுமார் 40,900 பவுண் ஆகும். 1.5 சதவீதச் செலவில் சுமார் 30,000. வித்தியாசம் நீங்கள் முதலில் போட்ட காசைவிட அதிகம். இன்டெக்ஸ் பண்ட் என்று பெயர் போட்டுக்கொண்டே கூடுதலாக எடுக்கிற பண்டுகளும் உண்டு. கணக்கை நடத்துகிற நிறுவனமும் தனியாகக் கட்டணம் எடுக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

கடைசியாக, பங்கிலாபத்தைக் கையில் தருகிற வகை, உள்ளேயே திரும்ப முதலிடுகிற வகை என்று இரண்டு இருக்கும். காசு உடனே தேவையில்லை என்றால் ஐசாவுக்குள் இரண்டாவது வகை சுகம்.

ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள்

ஓய்வுபெற்று நிலாவெளிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று பலரும் ஆசைப்படுகிறார்கள். அப்போது பெட்டிக்கு என்ன நடக்கும்?

பிரித்தானியாவை விட்டு வந்தால் ஐசாவை மூட வேண்டியதில்லை, ஆனால் வெளியேறிய வரி ஆண்டுக்குப் பிறகு புதிதாகக் காசு போட முடியாது. பிரித்தானியா தன் சலுகையைத் தொடர்ந்து தரும். ரி.எஃப்.எஸ்.ஏ.யும் அப்படியே திறந்திருக்கும். கனடா வதிவாளராக இல்லாத காலத்தில் போட்டால் மாதம் 1 சதவீத வரி. ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து எடுக்கும்போது, வெளிநாட்டில் வாழ்கிறவருக்குக் கனடா பொதுவாக 25 சதவீதம் பிடித்துத் தரும்.

ஆனால் மூன்றாவது வாசல் இப்போது இலங்கைக்கு மாறிவிட்டது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான நம் வரி ஆண்டில் 183 நாள் இங்கே இருந்தால், 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி நீங்கள் இலங்கை வதிவாளர். வதிவாளரின் வருமானம் உலகில் எங்கே உழைத்தாலும் அந்தச் சட்டத்தின் கணக்குக்குள் வரும். லண்டன் கொடுத்த வாக்கு இலங்கை இறைவரியைக் கட்டுப்படுத்தாது. விலக்குகள் இருக்கின்றன, பிரித்தானியாவோடும் கனடாவோடும் இரட்டை வரி ஒப்பந்தங்களும் இருக்கின்றன, எது உங்களுக்குப் பொருந்தும் என்பது காசு என்ன வகை, எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது. திரும்பும் ஆண்டுக்கு முன்பே ஒரு பட்டயக் கணக்காளரிடம் உட்கார்ந்து பேசுகிற செலவு வீண்போகாது.

அவரிடம் போகும்போது மூன்று கடுதாசி கையில் இருக்கட்டும்: எந்தப் பண்டை என்ன விலைக்கு எப்போது வாங்கினீர்கள் என்ற பட்டியல், நாட்டைவிட்டு வந்த திகதிக்கான சான்று, அந்தத் திகதியில் கணக்கில் இருந்த பெறுமதி. கணக்கு நடத்துகிற நிறுவனத்துக்கு விலாசம் மாறுவதை வரும் முன்பே அறிவியுங்கள். சில நிறுவனங்கள் வெளிநாட்டு விலாசம் உள்ளவரைப் புதிதாக வாங்க விடுவதில்லை. வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டியிருந்தால், அங்கே இருக்கும்போதே மாற்றுவது சுலபம்.